மென்பொருள் லைசென்ஸை மாற்றிக் கொடுக்கக் கூடாது என்ற விதி சட்டப்படி செல்லுமா? படிப்படியாக ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தை மூடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மேசை, நாற்காலி, பிளாட்டர், கம்ப்யூட்டர் எல்லாம் விலைக்குப் போகின்றன. அலமாரியில் முழுப் பணம் கட்டி வாங்கிய, ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளின் பெட்டிகள் சில இருக்கின்றன. அவற்றையும் விற்கலாமா? பெட்டிக்குள் இருக்கும் தாளில் 'இந்த லைசென்ஸை வேறு யாருக்கும் மாற்றித் தரக் கூடாது' என்று அச்சடித்திருக்கிறது. அந்த வரியைப் படித்துப் பயந்துபோய்ப் பெட்டியைத் தூக்கிப் போடுபவர்கள் உண்டு. 'காசு கொடுத்து வாங்கியது, யார் என்ன கேட்க முடியும்?' என்று விற்றுவிட்டு வக்கீல் நோட்டீஸ் வாங்குபவர்களும் உண்டு.

அச்சடித்திருக்கிறது என்பதாலேயே அந்த வரி சட்டமாகிவிடாது. அது செல்லுமா என்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது: உங்களுக்கு அந்தப் பிரதி விற்கப்பட்டதா அல்லது பயன்படுத்த அனுமதி மட்டும் தரப்பட்டதா என்பது ஒன்று; எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பது இரண்டு; நிறுவனம் உங்கள்மேல் எந்தச் சட்ட வழியில் வருகிறது என்பது மூன்று. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே தொகை வாங்கிக்கொண்டு, காலக்கெடு இல்லாமல் கொடுத்த மென்பொருள் விற்பனைதான். அதற்கு லைசென்ஸ் என்று பெயர் வைத்தால் வாங்கியவரின் உரிமை போய்விடக் கூடாது. எல்லா நீதிமன்றங்களும் இதை ஏற்கவில்லை. எது ஏற்றது, எது மறுத்தது என்று தெரிந்துகொண்டால்தான் காலை எங்கே வைக்கலாம் என்று புரியும்.

படி 1: கையில் இருப்பது என்ன வகை?

லைசென்ஸ் என்று ஒரே பெயரில் சொன்னாலும் நாம் வாங்குவது பல வகை. சிடி பெட்டியாக வந்தது ஒன்று. கம்ப்யூட்டரிலேயே ஏற்றி வந்த ஓஇஎம் பிரதி ஒன்று. லைசென்ஸ் எண்ணைக் கொடுத்து டவுன்லோடு செய்துகொள்ளச் சொல்லும் நிரந்தர லைசென்ஸ் ஒன்று. மாதமோ வருடமோ கட்டும் சந்தா ஒன்று. கம்ப்யூட்டர் விளையாட்டு விற்கும் ஸ்டீம் தளம் போல ஒரு கணக்கோடு ஒட்டியிருப்பது இன்னொன்று.

சந்தாவும் கிளவுட் சேவையும் என்றால் பெரும்பாலும் விதி செல்லும். தவணை நின்றால் உரிமையும் நிற்கிற ஒன்றை விற்பனை என்று வாதாட இடமில்லை. உங்களுக்குப் படி 3-ம் படி 7-ம் போதும்.

கம்ப்யூட்டரோடு வந்த விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்ட்டின் விதியே வழி விடுகிறது. அந்தக் கம்ப்யூட்டரோடு சேர்த்து அடுத்தவருக்குத் தரலாம், தனியாகக் கழற்றித் தரக் கூடாது என்கிறது. பழைய லேப்டாப் விற்கும்போது இதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

சண்டை முழுவதும் நிரந்தர லைசென்ஸில்தான். இன்வாய்ஸை எடுத்துப் பாருங்கள். 'பெர்பெச்சுவல்' (நிரந்தரம்) என்று இருக்கிறதா, முடியும் தேதி ஏதாவது இருக்கிறதா, ஒரே தடவை கட்டிய தொகையா, பராமரிப்புக் கட்டணம் தனியாக இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒவ்வொரு படியிலும் இந்தக் குறிப்பு தேவைப்படும்.

படி 2: நிறுவனம் உங்கள்மேல் எந்த வழியில் வரும்?

இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது ஒப்பந்த மீறல். ஒப்பந்தம் அதில் சேர்ந்தவரை மட்டும்தான் கட்டும். நீங்கள் என்னிடம் விற்றால், ஒப்பந்தத்தில் நான் இல்லை; என்மேல் வழக்குப் போட முடியாது. உங்கள்மேல் போட்டாலும் தனக்கு என்ன நஷ்டம் என்று நிறுவனம் காட்ட வேண்டும்.

இரண்டாவது பதிப்புரிமை மீறல். இதுதான் பலமானது. பதிப்புரிமை ஊருக்கே எதிராகச் செல்லும். நிறுவனத்தின் பெயரையே கேள்விப்படாமல் மூன்றாவது கையில் வாங்கியவரையும் பிடிக்கும். அமெரிக்காவில் நஷ்டத்தை நிரூபிக்காமலே, வேண்டுமென்றே செய்த மீறலுக்கு ஒரு படைப்புக்கு 1,50,000 டாலர் வரை கேட்கலாம். இந்தியாவில் திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்தினால், பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு.

எனவே மாற்றத் தடையை மீறினால் அது வெறும் ஒப்பந்த மீறலா, பதிப்புரிமை மீறலும் ஆகுமா என்பதுதான் விஷயம். இதைத் தீர்மானிப்பது முதல் விற்பனைக் கோட்பாடு. பாப்ஸ்-மெரில் என்ற அமெரிக்கப் பதிப்பகம் ஒரு நாவலில் பதிப்புரிமைக் குறிப்புக்குக் கீழே, ஒரு டாலருக்குக் குறைத்து விற்றால் பதிப்புரிமை மீறலாகக் கருதப்படும் என்று அச்சடித்தது. மேசீஸ் கடை 89 சென்ட்டுக்கு விற்றது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு பிரதியை விற்ற பிறகு அது அடுத்து என்ன விலைக்கு, யாரிடம் போகும் என்பதைப் பதிப்புரிமையால் கட்டுப்படுத்த முடியாது என்று 1908-ல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதைத் தாண்டத்தான் மென்பொருள் நிறுவனங்கள் 'நாங்கள் விற்கவே இல்லை, லைசென்ஸ்தான் கொடுத்தோம்' என்று எழுத ஆரம்பித்தன.

படி 3: ஒப்பந்தத்தில் எந்த இடங்களைப் படிக்க வேண்டும்?

நாற்பது பக்கத்தையும் படிக்க நேரமில்லாவிட்டாலும் சில இடங்களைத் தேடிப் பிடியுங்கள். 'டிரான்ஸ்ஃபர்', 'அசைன்' (இரண்டும் மாற்றிக் கொடுப்பது) என்ற சொற்கள் வரும் பத்தி முதலில். முழுத் தடையா, எழுத்தில் சம்மதம் வாங்கினால் போதுமா என்று பாருங்கள். 'ஆபரேஷன் ஆஃப் லா' (சட்டப்படி தானாக மாறுவது), 'மெர்ஜர்' (இணைப்பு), 'சேஞ்ச் ஆஃப் கன்ட்ரோல்' (கட்டுப்பாடு கை மாறுவது) என்று ஏதாவது வந்தால் கம்பெனி இணைப்பும் தடைக்குள் வருகிறது என்று பொருள். கடைசிப் பக்கங்களில் எந்த நாட்டுச் சட்டம், எந்த ஊர் நீதிமன்றம் என்று இருக்கும். பல இந்திய நிறுவனங்கள் கலிபோர்னியா சட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு இந்தியச் சட்டத்தைப் பேசிக்கொண்டிருக்கின்றன. தணிக்கை செய்யும் உரிமை இருக்கிறதா என்றும் பாருங்கள். மாற்றிக் கொடுத்தது பெரும்பாலும் தணிக்கையில்தான் வெளிவரும்.

'நான் கையெழுத்தே போடவில்லையே, கிளிக்தானே செய்தேன்' என்ற வாதம் இன்று அநேகமாக எடுபடாது. அமெரிக்காவில் 1991-ல் ஸ்டெப்-சேவர் வழக்கில் பெட்டிமேல் அச்சடித்த விதி கட்டுப்படுத்தவில்லை. ஆனால் 1996-ல் புரோசிடி வழக்கில், படித்துப் பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்ற வாய்ப்பு இருந்ததால், பெட்டிக்குள் இருந்த விதியும் செல்லும் என்றார்கள். இந்தியாவில் மின்னணு வழியில் ஏற்படும் ஒப்பந்தம் அந்தக் காரணத்துக்காகவே செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது.

படி 4: அமெரிக்கச் சட்டம் பொருந்தினால்

இங்கே வெர்னர் - ஆட்டோடெஸ்க் வழக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். டிமோதி வெர்னர் ஈபே என்ற இணையச் சந்தையில் பழைய பொருள் விற்பவர்; ஆட்டோடெஸ்க் ஆட்டோகேட்டைத் தயாரிக்கும் நிறுவனம். 10,000-க்கும் மேற்பட்ட பொருள்களை விற்றவர். 2007-ல் ஒரு கட்டடக் கலை அலுவலகம் தன் சாமான்களை விற்றபோது நான்கு ஆட்டோகேட் ரிலீஸ் 14 பெட்டிகளை வாங்கினார். அந்த அலுவலகம் ஏற்கெனவே பிரதிக்கு 495 டாலர் கட்டி ஆட்டோகேட் 2000-க்கு மாறியிருந்தது. பழைய பிரதிகளை அழித்துவிட வேண்டும் என்பது அந்தச் சலுகை விலையின் நிபந்தனை. அழிக்காமல், கையால் எழுதிய ஆக்டிவேஷன் எண்களோடு வெர்னரிடம் கொடுத்துவிட்டார்கள். வெர்னர் ஆட்டோடெஸ்க்கின் எந்த ஒப்பந்தத்துக்கும் சம்மதித்தவர் அல்ல, மென்பொருளை நிறுவியதும் இல்லை. அவர் விளம்பரம் போடப் போட ஆட்டோடெஸ்க் புகார் கொடுத்தது. ஈபே அவர் கணக்கை ஒரு மாதம் முடக்கியது. அவரே நீதிமன்றம் போனார்.

கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தார். 2010 செப்டம்பரில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. பிரதியை வைத்திருப்பவர் லைசென்ஸ்தாரரா, சொந்தக்காரரா என்று பார்க்க மூன்று கேள்விகளை வைத்தது. லைசென்ஸ்தான் தருகிறோம் என்று நிறுவனம் தெளிவாகச் சொன்னதா? மாற்றிக் கொடுப்பதைக் கணிசமாகத் தடுத்ததா? பயன்பாட்டில் குறிப்பிடத்தக்க கட்டுப்பாடுகள் விதித்ததா? மூன்றுக்கும் ஆம் என்றால் பிரதி விற்கப்படவே இல்லை. விற்றவர் சொந்தக்காரர் இல்லை என்றால் அவரிடம் வாங்கியவரும் சொந்தக்காரர் ஆக முடியாது. வெர்னர் விற்றது பதிப்புரிமை மீறல் ஆனது.

இந்தச் சோதனை எனக்கு ஏற்புடையது அல்ல. மாற்றத் தடை செல்லுமா என்று பார்க்க, மாற்றத் தடை எழுதியிருக்கிறதா என்று கேட்பது, கேள்வியையே பதிலாக்குவது. மூன்று வரியைச் சேர்த்து எழுதிக்கொள்ளும் நிறுவனத்தின் கையில் சட்டத்தைக் கொடுத்துவிடுகிறது. ஆனாலும் மேற்குக் கடற்கரை மாநிலங்களில் இன்று நடைமுறை இதுதான். உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ளவில்லை.

அமெரிக்கா முழுவதும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் மறக்காதீர்கள். நியூயார்க்கை உள்ளடக்கிய இரண்டாவது வட்டாரம் 2005-ல் கிராஸ் வழக்கில் பெயரைவிட உண்மை நிலையைப் பார்த்தது: எவ்வளவு பணம் கொடுத்தார், என்றென்றைக்கும் வைத்துக்கொள்ளலாமா, அழித்துவிடும் உரிமை இருந்ததா என்று. அதே இரண்டாவது வட்டாரம் 2018-ல் ரீடிஜி வழக்கில் டிஜிட்டல் இசைக் கோப்புகளின் மறுவிற்பனையைத் தடுத்தது. கோப்பை அனுப்பும்போது புதிய பிரதி உண்டாகிறது, முதல் விற்பனைக் கோட்பாடு பிரதி எடுப்பதற்கு அனுமதி தராது என்பது காரணம். ஆக, அமெரிக்கச் சட்டம் பொருந்தினால், டவுன்லோடு செய்த மென்பொருளைச் சம்மதம் இல்லாமல் விற்காதீர்கள்.

படி 5: ஐரோப்பியச் சட்டம் பொருந்தினால்

2012 ஜூலை 3 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் யூஸ்டுசாஃப்ட் - ஆரக்கிள் வழக்கில் நேர் எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஆரக்கிளின் ஒப்பந்தத்தில் மாற்ற முடியாத லைசென்ஸ் என்று தெளிவாகவே இருந்தது. பெரும்பாலான வாடிக்கையாளர்கள் டவுன்லோடு செய்தே பெற்றார்கள். அப்படியிருந்தும், ஒரு தொகை வாங்கிக்கொண்டு காலவரையறை இல்லாமல் பயன்படுத்தக் கொடுத்தால் அது விற்பனைதான், அந்தப் பிரதிமேல் விநியோக உரிமை அத்தோடு தீர்ந்தது என்று நீதிமன்றம் சொன்னது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் மறுவிற்பனையைத் தடுக்க முடியாது.

கூடவே நிபந்தனைகளும் உண்டு. விற்பவர் தன்னிடம் உள்ள பிரதியைப் பயன்படுத்த முடியாதபடி செய்ய வேண்டும். 25 பேருக்கான லைசென்ஸை வாங்கி 10 பேருக்கு உரியதை மட்டும் பிரித்து விற்க முடியாது. 2016-ல் லாட்வியாவிலிருந்து வந்த ரேங்க்ஸ் வழக்கில், அசல் தட்டு கெட்டுப்போனது என்று பேக்கப் பிரதியை விற்பதும் கூடாது என்றார்கள்.

இதை எல்லா டிஜிட்டல் பொருளுக்கும் நீட்டிவிடாதீர்கள். மின்னூல்களுக்குப் பொருந்தாது என்று 2019-ல் டாம் கேபினெட் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. ஸ்டீம் விளையாட்டுகளை விற்கலாம் என்று 2019-ல் பாரிஸ் நீதிமன்றம் சொன்னதைப் பலர் இன்னும் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். அந்தத் தீர்ப்பு 2022-ல் மேல்முறையீட்டில் ரத்தாகி, 2024-ல் பிரான்சின் உச்ச நீதிமன்றத்திலும் அதுவே உறுதியானது.

படி 6: இந்தியச் சட்டம் பொருந்தினால்

இங்கே வாங்கியவருக்குச் சாதகமான சரக்கு நிறையவே இருக்கிறது, ஆனால் பலர் அதைப் பயன்படுத்துவதில்லை.

பதிப்புரிமைச் சட்டம், 1957-ன் 14(பி) பிரிவு, கணினி நிரலின் பிரதியை விற்கும் உரிமையைப் பதிப்புரிமையாளருக்குத் தருகிறது. 1994 திருத்தத்தில், அந்தப் பிரதி முன்பே விற்கப்பட்டிருந்தாலும் சரி என்ற பொருளில் ஒரு தொடர் அதில் இருந்தது. அப்போது பழைய பிரதியை விற்பதற்கும் நிறுவனத்தின் அனுமதி வேண்டும் என்று வாதாடலாம். 1999 திருத்தச் சட்டம் அந்தத் தொடரை எடுத்துவிட்டது. 2000 ஜனவரி 15 முதல் அது இல்லை.

டாடா கன்சல்டன்சி - ஆந்திர அரசு வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம், கடையில் விற்கும் பேக்கேஜ் மென்பொருள் சரக்குதான், விற்பனை வரி உண்டு என்று தீர்த்தது. 2021 மார்ச் 2 அன்று வந்த இன்ஜினியரிங் அனாலிசிஸ் தீர்ப்பு இன்னும் தூரம் போனது. வெளிநாட்டு நிறுவனத்துக்கு மென்பொருளுக்காகக் கட்டிய பணம் ராயல்டியா, அதாவது பதிப்புரிமையைப் பயன்படுத்தத் தரும் கட்டணமா, என்பது அங்கே கேள்வி. பயனர் ஒப்பந்தத்தில் லைசென்ஸ் என்று எழுதியிருந்தாலும் அது 30-ம் பிரிவு சொல்லும் பதிப்புரிமை லைசென்ஸ் அல்ல, பயன்பாட்டுக்குச் சில நிபந்தனைகள் விதிக்கும் ஏற்பாடு மட்டுமே, நடந்தது சரக்கு விற்பனை என்று நீதிபதி நாரிமன் தலைமையிலான அமர்வு சொன்னது. 1999-ல் அந்தத் தொடரை நீக்கியது முதல் விற்பனைக் கோட்பாட்டைச் சட்டமே ஏற்றதற்கு அடையாளம் என்றும் சொன்னது.

வருமான வரி வழக்கில் வந்த தீர்ப்பு இது. பழைய லைசென்ஸை விற்ற ஒரு பயனர் நேராக நீதிமன்றத்தில் நின்று வந்தது இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் முதலில் சொல்வார். இருந்தாலும் விற்பனை என்று உச்ச நீதிமன்றமே சொன்ன பரிவர்த்தனையை, மறுவிற்பனை என்று வந்ததும் விற்பனை இல்லை என்று வாதாடுவது நிறுவனத்துக்குச் சுலபமாக இருக்காது. சிடி பெட்டிக்கு இந்த வாதம் பலமானது. டவுன்லோடுக்குக் கொஞ்சம் பலம் குறையும், ஏனென்றால் அங்கே பிரதி எடுக்கும் உரிமை குறுக்கே வரும்.

அதற்கும் ஒரு பிடி இருக்கிறது. 52(1)(ஏஏ) பிரிவு, நிரலைச் சட்டப்படி கைவசம் வைத்திருப்பவர் அதைப் பயன்படுத்தத் தேவையான பிரதியை எடுக்கலாம் என்கிறது. அமெரிக்கச் சட்டத்தின் இணையான பிரிவில் பிரதியின் உரிமையாளர் என்று இருக்கிறது. வெர்னர் தோற்றது உரிமையாளர் என்ற அந்த நிலை கிடைக்காததால்தான். நம் சட்டத்தில் வைத்திருப்பவர் என்றாலே போதும்.

பதிப்புரிமை வழி அடைபட்டாலும் ஒப்பந்த வழி மீதம் இருக்கும். தடையை மீறி விற்ற முதல் வாடிக்கையாளர்மேல் நஷ்டஈடு கேட்கலாம். ஒப்பந்தச் சட்டத்தின் 73, 74 பிரிவுகளில் நியாயமான இழப்பீடு மட்டும்தான். ஒப்பந்தத்தில் பெரிய அபராதத் தொகை எழுதியிருந்தாலும் அப்படியே கிடைக்காது.

படி 7: கம்பெனி கை மாறும்போது

ஈபே விற்பனையைவிடப் பெரிய பணம் போவது இங்கேதான். பங்குகளை மட்டும் வாங்கினால் லைசென்ஸ் வைத்திருக்கும் கம்பெனி அதேதான். கட்டுப்பாடு மாறுவது பற்றித் தனி விதி இல்லாவிட்டால் பொதுவாகச் சிக்கல் இல்லை. சொத்துகளைத் தனியாக வாங்கினால் லைசென்ஸ் கை மாறுகிறது, சம்மதம் வேண்டும். இணைப்பில்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள்.

சின்காம் - நோவெலிஸ் வழக்கைப் பாருங்கள். 1989-ல் அல்கான் குழுமத்தின் ஒரு கம்பெனி சின்காமிடம் மென்பொருள் வாங்கியது. எழுத்தில் சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது என்பது விதி. பிறகு குழுமத்துக்குள்ளேயே மறுசீரமைப்பு நடந்து, அந்தக் கம்பெனி இன்னொரு துணைக் கம்பெனியோடு இணைந்து, கடைசியில் நோவெலிஸ் ஆனது. மென்பொருள் நியூயார்க் மாநிலத்து ஆஸ்வீகோ ஊரில் இருந்த அதே கம்ப்யூட்டரைவிட்டு நகரவே இல்லை. ஆனாலும் சட்டப்படி ஆள் மாறிவிட்டது, இது மீறல் என்று 2009-ல் ஆறாவது வட்டார நீதிமன்றம் தீர்த்து 4,59,530 டாலர் கட்டச் சொன்னது.

இந்தியாவில் இதே கேள்வி வாடகை வழக்கில் வந்திருக்கிறது. ஜெனரல் ரேடியோ - காதர் வழக்கில், நீதிமன்ற ஆணையின்படி நடந்த இணைப்பாக இருந்தாலும் வாடகை உரிமை வேறு கம்பெனிக்குப் போய்விட்டது, ஒப்பந்தம் அதைத் தடுத்திருக்கிறது என்று சொல்லி 1986-ல் உச்ச நீதிமன்றம் காலி செய்யச் சொன்னதை உறுதி செய்தது. மென்பொருள் நிறுவனத்தின் வக்கீல் இதை எடுத்து வைக்கத் தயங்க மாட்டார். எனவே கம்பெனிச் சட்டத்தின் 230 முதல் 232 வரையிலான பிரிவுகளில் இணைப்புத் திட்டம் தயாரிக்கும்போதே லைசென்ஸ் பட்டியலைப் போட்டு, சம்மதக் கடிதங்களை வாங்கிவிடுங்கள். இணைப்பு முடிந்த பிறகு கேட்டால் பேரம் பேசும் பலம் அவர்கள் பக்கம் போய்விடும்.

படி 8: மாற்றிக் கொடுக்கும்போது

முதலில் சம்மதம் கேட்டு எழுதுங்கள். ஆட்சேபணை இல்லாமல் கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு. விற்பதாக இருந்தால் அசல் இன்வாய்ஸ், லைசென்ஸ் சான்று, அசல் தட்டு அல்லது டவுன்லோடு கணக்கின் விவரம், எல்லாக் கம்ப்யூட்டரிலிருந்தும் நீக்கிவிட்டேன் என்ற கையெழுத்திட்ட அறிவிப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். மேம்பாட்டுச் சலுகையில் பழைய பிரதியை அழிப்பதாக ஒப்புக்கொண்டிருந்தால் விற்காதீர்கள். எந்த நாட்டிலும் அது பலவீனமான நிலை.

வாங்குபவராக இருந்தால் பணம் கொடுப்பதற்கு முன் ஆக்டிவேஷன் நடக்கிறதா என்று பாருங்கள். சட்டம் உங்கள் பக்கம் இருந்தும் சர்வர் உள்ளே விடாமல் போகலாம். 2010-ல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் ஹாஃப்-லைஃப் 2 வழக்கில், டிவிடியை விற்கத் தடை இல்லை, ஆனால் கணக்கை மாற்றக் கூடாது என்ற விதி செல்லும் என்றது. கணக்கு இல்லாத அந்த டிவிடியை வாங்கி யாரும் விளையாட முடியாது. இந்தப் பூட்டுதான் இன்று மாற்றத் தடையின் உண்மையான பலம் என்பது என் கருத்து.

படி 9: நோட்டீஸ் வந்துவிட்டால்

பயத்தில் மன்னிப்புக் கடிதம் எழுதாதீர்கள்; அது ஒப்புதல் ஆகிவிடும். விற்ற தேதி, இன்வாய்ஸ், ஒப்பந்தப் பிரதி எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். எந்த ஒப்பந்தம், எந்தப் பிரிவு, எந்தப் பிரதி என்று அவர்களைக் கேட்டு எழுதுங்கள். இது சம்பிரதாயத்துக்குக் கேட்பது இல்லை. 2015-ல் அடோபி - கிறிஸ்டென்சன் வழக்கில், வெர்னரைத் தோற்கடித்த அதே ஒன்பதாவது வட்டாரம், லைசென்ஸ்தான் கொடுத்தோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்தினுடையது என்றது. அந்தப் பிரதிகளுக்கான ஒப்பந்தத்தை அடோபியால் சாட்சியத்தில் வைக்க முடியவில்லை, தோற்றது.

இந்தியாவில் ஆன்லைன் விளம்பரத்தை எடுக்கச் சொல்லிப் புகார் போனால், 52(1)(சி) பிரிவின்படி 21 நாளுக்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் தளம் அதைத் திரும்பப் போடலாம். அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். ஆணையும் வராமல், வழக்கும் போடாமல், மிரட்டல் கடிதம் மட்டும் வந்துகொண்டிருந்தால் 60-ம் பிரிவு இருக்கிறது. ஆதாரமில்லாத மிரட்டலுக்கு எதிராக நீங்களே வழக்குப் போட்டு, மீறல் இல்லை என்ற அறிவிப்பும் தடையாணையும் நஷ்டஈடும் கேட்கலாம். நிறுவனம் தாமதிக்காமல் மீறல் வழக்குத் தொடுத்துவிட்டால் இந்தப் பிரிவு பயன்படாது. ஆகவே இரண்டாவது கடிதம் வந்ததுமே வக்கீலிடம் 60-ம் பிரிவைப் பற்றிக் கேளுங்கள்.